எழுதுகிறவருக்காக ஒரு நிறுத்தம்

மானாம்பதி கடைத்தெருவில் சுதந்திர தினக் கொடியை ஏற்றிய கையோடு தாண்டவராயனைக் கொடிமேடையிலேயே பேச நிறுத்தியிருக்கிறார்கள். வெயில் அவருடைய வழுக்கைத் தலையில் நேராக இறங்குகிறது. கதர்ச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒரு வாக்கியம் சொல்கிறார், நிறுத்துகிறார். இன்னொன்று சொல்கிறார், மறுபடியும் நிறுத்துகிறார். வெள்ளைக்காரன் காலத்தில் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு போலீஸ்காரர் அவர் பேச்சை எழுதுவார். ஒரு சொல்லை மாற்றி எழுதிவிட்டால்கூடச் சிறைவாசம் ஆறு மாதம் கூடிவிடும் என்பதால், எழுதுகிறவருக்காக நிறுத்தி நிறுத்திப் பேசியே பழகிப்போன வாய் அது. "பாவம், மறந்துட்டாரு போல கீது," என்கிறாள் முன்னால் உட்கார்ந்திருக்கும் சொக்கம்மாள், அவர் காதில் விழும்படியே. மிட்டாய் வாங்கிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடக்கிறார்கள். இந்த முறை நிறுத்திய தாண்டவராயன் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்க்கிறார். அப்போது சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பென்ஷன் ஏட்டு தானியேல், அன்று அந்தப் பேச்சுகளை எழுதியவர், முழங்காலின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த வெறும் விரலை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்கிறார். "எய்திக்கினேங்க. மேல சொல்லுங்க."