பித்தளைப் பட்டிக்கு அளவு

கிண்ணியாவில், மகளுக்குச் சீதனமாகக் கொடுத்து, மாப்பிள்ளை குடிவரப்போகும் வீட்டில், கடற்படை ஏலத்தில் எடுத்த லினோலியம் தரைவிரிப்பின்மீது காலை வெயில் வழுக்கிக் கிடக்கிறது. வாசல்களில் அது சீமெந்துத் தரையைத் தொடும் இடமெல்லாம் விளிம்பு எழும்பி நிற்கிறது. அதன்மேல் பித்தளைப் பட்டி அடிக்காவிட்டால், நாளை மறுநாள் கலியாணத்துக்கு வரும் மாப்பிள்ளை வீட்டார் தடுக்கி விழுவார்கள். திருகோணமலைக் கடையில் மிஞ்சியிருப்பது ஒரேயொரு பட்டி. அதன் நீளத்துக்கு அலியார் வெட்டிவந்த கயிற்றை, அவர் மனைவி பல்கீஸ் முழங்காலில் நின்று வாசல் வாசலாக விரிக்கிறாள். மறுநுனி அவர் கையில். "நிலைக்காலையும் சேத்துப் பிடிக்காதீங்க. பட்டி மரத்துக்குள்ளயா போகப்போகுது?" முன்வாசல் முடிந்த இடத்தில் கயிற்றில் ஒரு கரிக்கோடு. மகளின் அறைவாசல் முடிந்த இடத்தில் இன்னொன்று. கடைசியாக அலியாரும் பல்கீஸும் படுக்கும் அறைவாசலில் கயிறு பாதியிலேயே நின்றுவிடுகிறது. அலியார் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். துறைப் பக்கம் திருகோணமலைக்குப் போகும் படகின் இயந்திரம் இருமத் தொடங்குகிறது. பல்கீஸ் எழுந்து சேலையில் கரியைத் துடைக்கிறாள். "ரெண்டு வாசலுக்குக் காணும். போய் வாங்கிட்டு வாங்க." "அப்ப நம்மட அறைக்கு?" "நமக்குக் கால் தூக்கி வைக்கத் தெரியும். மாப்பிள்ளைதான் இனிப் பழகோணும்."