பத்து நிமிஷம் போட்டால் போதும்

அந்த வெள்ளை வண்டி வாசலில் வந்து நின்றதும் சிந்துஜாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதே எண். இறங்கியவரும் அதே ஆள்தான். ஒரு வருடத்தில் தலை மட்டும் முழுக்க நரைத்திருந்தது.

மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையைப் பார்த்தபடி இருக்கும் கார் ஷோரூம் அது. சிந்துஜா அங்கே வரவேற்பில் வேலை பார்க்கிறாள். அவள் நாற்காலிக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு வெளியே, மின்சார வண்டிகளுக்கான சார்ஜர் நிற்கிறது. அதில் ‘பழுது’ என்று ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

போன வருடமும் இதே பதினோரு மணி வெயிலில்தான் வந்தார். வேறு கம்பெனி வண்டி. ராத்திரி முழுக்க வீட்டில் கரண்டு இல்லையாம். வண்டியில் ஒரு சதவீதம் சார்ஜ்தான் இருக்கிறதாம். மனைவிக்கு விடிந்ததிலிருந்து நெஞ்செரிச்சல், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

“பத்து நிமிஷம் போட்டா போதும்மா.”

சிந்துஜா அட்டையைக் காட்டினாள்.

பின் இருக்கையில் சாய்ந்திருந்த அந்த அம்மாள் தண்ணீர் கேட்டாள். சிந்துஜா ஓடிப்போய் பாட்டில் கொண்டுவந்து, மூடியைத் திருகித் திறந்து, கையில் கொடுத்தாள். வண்டி போய்விட்டது. அவளும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ரெட்டியார்பாளையத்தை அந்த வண்டி தாண்டவில்லை. நடுரோட்டில் நின்ற வண்டியிலிருந்து இறக்கி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று எதிர் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

நான்காம் நாள் பஸ் ஸ்டாப் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் முளைத்தது. அன்புசெல்வி, வயது நாற்பத்திரண்டு. கீழே, கணவர் சந்திரமோகன்.

கழற்ற மனம் வரவில்லையோ, மறந்தேபோனார்களோ, பேனர் அங்கேயே இருக்கிறது. வெயிலில் சாயம் போய், மூக்கும் வாயும் அழிந்து, இப்போது கண்கள் மட்டும்தான் மிச்சம். ஸ்கூட்டியில் போகும்போது சிந்துஜா அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். இவள் பார்க்காவிட்டால் அது பார்க்காமல் விட்டுவிடுமா? வீட்டில் யாராவது பாட்டில் மூடியைத் திருகினால்கூட அவளுக்குப் பக்கென்று இருக்கும்.

சந்திரமோகன் கையில் மஞ்சள் பையோடு உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து மேஜைமேல் வைத்தார். மாம்பழக் கலர், முனையில் மஞ்சள் தடவியிருந்தது.

“நேத்து அவளுக்கு வருஷ திதி. படையல்ல வெச்ச பொடவம்மா. எங்களுக்குப் பொண்ணு இல்ல, யாருக்குக் குடுக்கறதுன்னு வீட்ல கேட்டாங்க. அவ கடைசியா குடிச்சது நீ குடுத்த தண்ணி.”

“நான் ஒண்ணும் பண்ணலியே சார்.”

“மிஷினு ரிப்பேரா இருந்தா நீ என்னாம்மா பண்ணுவ?” என்றவர், வெளியே எட்டிப் பார்த்துச் சிரித்தார். “ஒரு வருஷமாச்சி. இன்னுமா சரி பண்ணல?”

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அந்த பேனரை எப்படிக் கடந்து போவது? சொன்னால் வேலை போகும். போனால் போகட்டும், சொல்வதற்கு வாய் வரவேண்டுமே.

எழுந்து வெளியே போனாள். அட்டையைக் கழற்றினாள். ஒயரை இழுத்து அவர் வண்டியில் செருகி, கழுத்தில் தொங்கிய கார்டை மிஷினிடம் காட்டினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

பின்னாலேயே வந்த சந்திரமோகன் முகம் மலர்ந்தது. “அட, சரி பண்ணிட்டீங்களா? எப்போ?”

“கெட்டே போகல சார். அன்னைக்கும் ஓடிச்சி.”

‘நம்மகிட்ட வண்டி வாங்கினவனுக்காக வெச்ச மிஷினு. ஆத்துல போற தண்ணியா, அய்யா குடி அம்மா குடின்னு விட?’ என்பது முதலாளி வழக்கமாகச் சொல்வது. வெளிவண்டி ஆட்களிடம் முடியாது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பழுது என்றால் பேசாமல் போய்விடுவார்கள். அந்த யோசனையும் அவருடையதுதான். ஆனால் அட்டையில் இருந்தது சிந்துஜாவின் கையெழுத்து. சொந்தக் கம்பெனி வண்டி வந்தால் கழற்றுவாள். அது போனதும் மாட்டிவிடுவாள்.

சந்திரமோகன் அந்தப் பச்சை விளக்கையே பார்த்தார். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள், அதற்குத் தயாராகத்தான் நின்றாள். உள்ளே ஓடிப்போய்ப் புடவையை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வண்டியின் பின்கதவைத் திறந்து, அன்று மனைவி சாய்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளேயிருந்து முதலாளி கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டார். சிந்துஜா திரும்பவில்லை. புடவையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றாள்.

சரியாகப் பத்து நிமிடம் கழித்து அவர் இறங்கி வந்தார். ஒயரைத் தன் கையாலேயே கழற்றினார். மிஷினின் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு சதவீதம் ஏறியிருந்தது.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு மூன்று போதும்.