எந்நேரமும் ஆள் வேண்டும்

"போன் எடுக்கவே ஆள் இல்ல. உங்களோட எப்படிம்மா கைகோக்குறது?"

கறார் ஃபைலை மூடினார். பெரிய இணைய நிறுவனத்தின் மேலாளரான அவருக்கு அலுவலகம் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் அது. காதில் விழுந்தபோது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எதிரில் சின்ன நெட்வொர்க் ஒன்றின் முதலாளியம்மா. இரண்டு நெட்வொர்க்கும் நேரடியாக இணைந்து, ஒருவருக்கொருவர் காசு கேட்காமல் தகவலை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் கேட்டு வந்திருந்தார். கிடைக்காவிட்டால் அடுத்தவர் பாதையில் ஊரைச் சுற்றித்தான் தகவல் போகும். அதற்குக் கட்டணம் கட்டியே கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

"மத்ததெல்லாம் சரியா இருக்கே சார்? அனுப்புறதும் வாங்குறதும் கிட்டத்தட்ட சமம். நீங்க சொன்ன எல்லா ஊர்லயும் எங்க மெஷின் இருக்கு."

"சம்பந்தம் பண்றவங்க சமமா இருந்தா மட்டும் போதாதும்மா. ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிட்டா குரல் கொடுக்கணும். எந்நேரமும் போன் எடுக்க ஆள் வேணும்னு முதல் நிபந்தனையே போட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடிச்சு ஓஞ்சதுதான் மிச்சம்."

"அன்னிக்கு டியூட்டில நானும் என் தம்பியும்தான் சார். ஒரு கேபிள் வேலையா வெளிய போயிட்டோம்."

"ஒருத்தர் ஆபீஸ்ல இருந்திருக்கலாமே?"

"மழை சார். ஒருத்தர் ஒட்டணும், ஒருத்தர் குடை பிடிக்கணும்."

கறாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

"சாக்கெல்லாம் வேண்டாம்மா. விதின்னா விதிதான்."

முதலாளியம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து லைன் இன்ஜினியர் உள்ளே வந்தார். ஞாயிறன்று நிறுவனத்தின் கேபிள் ஒன்று அறுந்து, யாரும் போகாமலேயே மறுபடி உயிர் பெற்றிருந்தது. 'நம்ம கேபிள்ல கை வச்சவன் எவன்னு கண்டுபிடி, சும்மா விடக்கூடாது' என்று கறார்தான் அவரை விரட்டியிருந்தார்.

"சார், பள்ளம் தோண்டுற வண்டி அறுத்துப் போட்டிருக்கு. யாரோ ரெண்டு பேர் வந்து அம்சமா ஒட்டிட்டுப் போயிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போற லைன் சார் அது! நல்லவேளை. எதிர்க்கடைக்காரர் போட்டோ எடுத்து வச்சிருந்தார், பாருங்க."

போனை வாங்கிப் பார்த்தார். கொட்டுகிற மழை. குழிக்குள் குனிந்திருக்கும் ஒரு இளைஞன். அவனுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து நிற்கிற அம்மாள்...

கறார் சட்டென்று நிமிர்ந்தார். முதலாளியம்மா கதவு வரை போயிருந்தார்.

"அம்மா, நில்லுங்க!" அவருக்கு வெட்கமாகிவிட்டது. "எங்க கேபிளைப் போய் நீங்க... எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லத்தான் சார் முதல்ல கூப்பிட்டோம். உங்க பக்கம் யாருமே போன் எடுக்கல."