லூப் லைனில் கண்ணாடிக் கடைக்காரர்

“அந்த எக்ஸ்பிரஸ் நடுவழியில நிக்கணும். யாரு என்ன சொன்னாலும் நகரக் கூடாது. அதுக்கு என்ன பண்ணணும், சொல்லுங்க” என்றாள் மனைவி, வாசல் கதவைச் சாத்திவிட்டு.

கண்ணாடிக் கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய ரயில் சிமுலேட்டர் விளையாட்டை ‘அந்தச் சனியன்’ என்று மட்டுமே குறிப்பிட்டு வந்தவள், இன்று தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எந்த ரயில் எப்போது எங்கே ஓட வேண்டும் என்று வகுக்கும் சினாரியோவை உருவாக்கக் கற்றுக்கொள்ள உட்கார்ந்திருக்கிறாள்!

காரணம் இல்லாமல் இல்லை. பாதி ஹாலை விழுங்கிக்கொண்டு நிற்கும் கம்ப்யூட்டர் மேஜையை மாடிக்கு ஏற்றச் சொல்லி அவள் கரடியாகக் கத்தியும் இவர் மசியவில்லை. கடைசியில் பந்தயத்துக்கு வந்துவிட்டாள்.

“நான் ஒரு சினாரியோ போடறேன். செவ்வாய்க்கிழமை உங்க கடைக்கு லீவுதானே, அன்னைக்கு ஓட்டுங்க. ஒரு தப்பும் இல்லாம முடிச்சா மேஜை ஹால்லயே இருக்கட்டும். சிக்னலை மீறினாலோ, பாதியில எழுந்தாலோ, மேஜை மாடிக்கு. சரியா?”

“எழுந்திருக்கிறதா? நானா?” என்று சிரித்தார் அவர்.

சிரிக்கத்தான் செய்வார். தெருவில் கார் ஓட்டும்போது மஞ்சள் விளக்கைக் கண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்கிற மனிதர், விளையாட்டில் மட்டும் அரிச்சந்திரன். ஈ காக்கை இல்லாத லெவல் கிராசிங்கிலும் ஒழுங்காக ஹாரன் அடிப்பார். சிவப்பு விழுந்தால் வீடே பற்றி எரிந்தாலும் நிற்பார்.

மனைவியின் முதல் முயற்சியில் ஒற்றைத் தடத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்து, இரண்டும் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டன.

“நம்ம ரெண்டு பேரு மாதிரியே நிக்குது பாரு” என்றார் கடைக்காரர். “எந்த வண்டிக்கு முதல் உரிமைன்னு நீ சொல்லவே இல்லையே. சரக்கு ரயிலுக்கு முதலிடம் குடு. எக்ஸ்பிரஸைப் பக்கத்துல இருக்கிற லூப் லைன்ல ஒதுக்கு. சரக்கு ரயில் தாண்டிப் போற வரைக்கும் எக்ஸ்பிரஸுக்கு சிவப்புதான்.”

“அந்தச் சரக்கு வண்டி இன்னும் மெதுவா வராதா?”

கேட்டது மனைவி இல்லை. எப்போது வந்தாளோ, பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்குமா இந்த மேஜை மேல் கண்? இருக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று அவள் கேட்டில் ஒரு உரசு உரசியதிலிருந்து, சாவியை இவர் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறார். ‘இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா ஸ்டியரிங்? நான் இருக்கேன்ல?’ என்று அக்கறையாகத்தான் சொன்னார். அம்மா அதிலிருந்து ‘உம்’முக்கு மேல் பேசுவதில்லை. இப்போதாவது வாயைத் திறந்தாளே என்று அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

“வருமே! வேகத்தைக் குறைச்சு வெச்சா ஆமை மாதிரி வரும். பின்னாலயே இன்னொண்ணும் விடலாம்” என்று தாராளமாகச் சொல்லிக்கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை. சூடாகக் காபி வந்தது. ஹெட்போனை மனைவியே எடுத்து அவர் காதில் மாட்டினாள். “சட்டையைக் கழட்டிக் குடுங்க, துவைக்கப் போடறேன். பனியனோட காத்தாட உக்காருங்க” என்றாள். எதிரிக்கு இவ்வளவு உபசாரமா என்று அவர் உருகிப்போனார்.

எக்ஸ்பிரஸ் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. இரண்டு ஸ்டேஷன்கள் தாண்டின. மூன்றாவதில் லூப் லைனில் ஒதுங்கியதும் எதிரே சிவப்பு. நின்றார்.

சரக்கு ரயில் ஊர்ந்து வந்தது. ஊர்ந்து போனது. சிவப்பு மாறவில்லை. அடுத்த சரக்கு ரயில், முதல் ரயிலே தேவலை என்னும்படி வந்தது. முதுகு வலித்தது, நாக்கு வறண்டது, காபி வேறு தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்தார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ‘எழுந்திருக்க வைக்கப் பார்க்கிறார்கள். நடக்காது!’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு, காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நின்ற இடத்தில் வேர் பிடித்துவிடும் போலிருந்தபோது, மஞ்சள் விழுந்தது. அடுத்து பச்சை. அதற்குப் பிறகு எக்ஸ்பிரஸை யாராலும் பிடிக்க முடியவில்லை. கடைசி ஸ்டேஷனில் வெண்ணெய் போல நிறுத்தினார். திரையில் முழு மதிப்பெண்!

முதலில் ஓடியது பாத்ரூமுக்கு. பிறகு இரண்டு பேரையும் தேடி சமையலறை, மாடி, கொல்லை என்று ஓடினார். வீட்டில் ஒருவரும் இல்லை. வாசலில் கார் சத்தம் கேட்டது. பனியனோடு வெளியே பாய்ந்தார்.

கார் கேட்டில் உரசாமல், நூல் பிடித்தாற்போல் உள்ளே வந்து நின்றது. முன் சீட்டில் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். கொண்டாட்ட வேகத்தில் அவருக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

“மேஜை ஹால்லதான்! நான் பாஸ்!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு அம்மா இறங்கினாள்.

“நானும்தான்டா, டிரைவிங் டெஸ்ட்ல!”