ஜெபம் மாதிரி ஒரு சண்டை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பின் பின்கட்டில் மாலை வெயில் ஆவாரம்பட்டைத் தூளின்மேல் மஞ்சளாகக் கிடக்கிறது. அம்மா ஞானப்பூ உரலில் பட்டை இடிக்கிறாள். அருகே மூட்டைமேல் அமர்ந்து சலோமி கல்லூரிப் பாடமான ஒரு பழைய ஆங்கில நாடகத்தை முதன்முறையாக வாசிக்கிறாள். திங்களன்று பரீட்சை. தவறினால் படிப்பு நின்றுவிடும். அவளும் இங்கேதான் வேலைக்கு வரவேண்டும். கோயிலில் வேதபாடம் வாசித்துப் பழகிய குரல், அரசனையும் அவனைக் குத்த வந்தவனையும் ஒரே ராகத்தில் இழுத்துக்கொண்டு போகிறது.

"இன்னாடி, எல்லாரும் ஜெபம் பண்றாங்களா?"

"இல்லம்மா, சண்டை போடறாங்க."

"யாரு யாரோட?"

சலோமியின் விரல் பெயர்களைத் தேடிப் புத்தகப் பக்கத்தில் மேலும் கீழும் அலைகிறது. ஞானப்பூ உரலின் எதிர்ப்பக்கம் குவிந்த பட்டையைக் காலால் தள்ளி, இன்னொருத்தி நின்று பட்டை இடிக்க இடம் ஒதுக்குகிறாள்.