சாப்பாட்டு மணி

தீயணைப்புக் கொட்டகைக்குள் நுழைந்த காலை வெயில் சிவப்பு வண்டியின் மேல் பட்டு, மேயர் ப்ரூயிட்டின் வழுக்கையிலும் கொஞ்சம் பளபளக்கிறது. எங்கள் ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படைக்கு இன்று வெள்ளி விழா. "நம்ம பெரியவங்களோட தொலைநோக்கு இருக்கே..." என்று மேயர் நாலாவது முறையாக ஆரம்பிக்கிறார். "சீக்கிரம் முடிங்கய்யா, பான்கேக்கு கருகுது. அப்புறம் அதை அணைக்கத்தான் வண்டிய எடுக்கணும்" என்று அடுப்படியிலிருந்து டெல்மர் கத்துகிறான். தொலைநோக்காம்! இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், தேவாலயத்துக்குப் பின்னால் ஊர் விருந்து. தன் வீடு பற்றிக்கொண்டதும் ஆல்மா ஓடிவந்து தேவாலய வாசல் மணியை இழுத்து இழுத்து அடித்தாள். அவள் கத்தல் மணியோசையிலேயே அமுங்கியது. சாப்பாட்டு மணி என்று ஊரே தட்டோடு வரிசையில் நின்றது. விஷயம் புரிந்து ஓடுவதற்குள் வீட்டுக்குள் இருந்த அவள் புருஷன் ஐனார் மேல் கூரை விழுந்துவிட்டது. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இந்தப் படை. ஐனார் பெயரை ஒருதரமாவது சொல்வார்கள் என்று முன்வரிசையில் ஆல்மா கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறாள். மேயர் வண்டி செய்த கம்பெனியின் பெயரைக்கூடச் சொல்லிவிட்டார். "இப்ப நம்ம ஆல்மா மணியடிச்சு விழாவ முடிச்சு வைப்பாங்க." அதே மணிதான், கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார்கள். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐனாரைப் பத்தி ஒரு வார்த்தை..." என்கிறாள். "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு ஆல்மா?" என்று மேயர் தோளைத் தட்டுகிறார். ஆல்மா கயிற்றை இழுக்கிறாள். மணி அடித்ததும் நாற்காலிகள் கரகரவென்று நகர்கின்றன. ஊர் மொத்தமும் சிரித்துப் பேசியபடி தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நிற்கிறது. ஆல்மா இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறாள்.