கோட்டுப் படி ஏறினவன்

"கோட்டுப் படி ஏறினவனுக்கு என்ர தங்கச்சியைக் குடுக்க மாட்டன். அவ்வளவுதான்."

மெல்பேணில இருந்து வெளிக்கிட்ட நேரம் தொட்டு என்ர சிநேகிதன் தேவராஜா இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். கார் என்ர கார். பெற்றோல் என்ர பெற்றோல். லீவும் என்ர லீவு. எனக்கும் கோபம்தான்.

விஷயம் இதுதான். அவன்ர தங்கச்சி சிவனேஸ்வரிக்கு யோகேஸ்வரன் எண்டு ஒரு பெடியனைப் பேசி முற்றாக்கியாச்சு. கணக்கு வாத்தி. அந்த எழுபதுகளில எங்கட வாத்திமாருக்கு நாட்டுப்புறத்திலதான் வேலை கிடைக்கும். இவனுக்கும் வடக்கால, பழத்தோட்டங்களுக்கு நடுவில ஒரு சின்ன ரவுண், பட்டணம் எண்டும் சொல்லேலாது. அங்க போய்வந்த ஆரோ ஒருத்தர் தேவராஜாவின்ர காதில ஓதிப்போட்டார். "உங்கட மாப்பிள்ளை முந்தி ஒருக்கா வழக்குப் பேசுற கோட்டுக்குள்ள இருந்து வந்ததைக் கண்டனான். பக்கத்தில பொலிஸ்காரன்."

"ரெலிபோனில கேட்டன் சிறி. 'ஓம், போனனான். ஏன் எண்டு சொல்ல ஏலாது' எண்டான். பிழை விடாதவன் அப்பிடிச் சொல்லுவானோ?"

"சிவனேஸ்வரி என்ன சொல்லுறா?"

"அழுகிறாள். அவர் அப்பிடிப்பட்டவர் இல்லையாம். இவளுக்கு என்ன தெரியும்?"

வெளிக்கிடேக்க அவள் கேற்றடிக்கு வந்து என்னட்டச் சொன்னது ஒண்டுதான். "அண்ணை, நீங்களும் நல்லாப் பாத்துப்போட்டு வாங்கோ. பெரியண்ணைக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது."

இவன் விடுகிறான் இல்லை. "எங்கட வீட்டில ஒருத்தனும் கோட்டு வாசல் மிதிச்சதில்லை. என்ர தம்பி வரதராஜாவைப் பார். அவனும் அதே ரவுணிலதான் பழ ஃபக்டரியில நிண்டவன். ஒரு சொல்லுக் கேட்டிருப்பானோ? இப்ப சிட்னியில மரியாதையா இருக்கிறான். இந்தச் சம்பந்தத்தைச் சொன்னதும் அவன்தான். தங்கமான மனுசன் எண்டு சொன்னான். அவனையும் ஏமாத்திப்போட்டான் பார்."

முதல்ல பொலிஸ் ஸ்டேசன். சார்ஜன்ற் தலையை நிமித்தாமலே சொன்னான், ஒருத்தன்ர குற்ற விபரம் வெளியாளுக்குக் காட்டுறதில்லையாம். "ஆனால் வழக்கு எல்லாருக்கும் முன்னால நடந்திருந்தால் கோட்டில பதிவு இருக்கும். கிளாக்கரைப் போய்க் கேளுங்கோ."

கோடு றோட்டுக்கு அங்கால. ஒரு சின்னக் கல்லுக் கட்டிடம். கிளாக்கர் வயசான வெள்ளைக்காரன். ஆறுதலாக் கதைக்கிற மனுசன்.

"எப்ப நடந்த வழக்கு?"

"தெரியாது."

"சேர் நேம்? குடும்பப் பேர்?"

"யோகேஸ்வரன்." துப்புற மாதிரிச் சொன்னான் தேவராஜா.

கிளாக்கர் புத்தகத்தைப் பிரட்டினார். "அப்பிடி ஒருத்தர்மேலயும் வழக்கில்லையே."

"வடிவாப் பாருங்கோ. சிலோன்காரன்."

"சிலோனோ? அப்ப அதுக்கு ஏன் புத்தகம்? இந்தக் கோட்டுக்கு வந்தது ஒரே ஒரு சிலோன் வழக்குத்தான், இந்த மாசியில. குடிச்சுப்போட்டுக் காரை ஓட்டி, பள்ளிக்கூடத்து வேலியை இடிச்சு, பிடிக்க வந்த பொலிசுக்கும் கை நீட்டினவன்."

"பார் சிறி. நான் சொன்னன் எல்லோ? அவன்தான்."

"அவன்ர பேர் செல்லத்துரை," எண்டார் கிளாக்கர்.

தேவராஜா சிரிச்சே போட்டான். "அது என்ர அப்பா பேர். அவர் பருத்தித்துறையை விட்டு வெளிக்கிடாத மனுசன்."

"இல்லை, இது இளம் பெடியன். பழ ஃபக்டரியில வேலை."

எனக்குப் பொறி தட்டினது. எங்கட ஆக்களுக்கு முன்னுக்கு அப்பா பேர், பின்னுக்குத் தன்ர பேர். வெள்ளைக்காரன் சேர் நேம் எண்டு கேட்டால் ஒருத்தன் தன்ர பேரைக் குடுப்பான், மற்றவன் அப்பா பேரைக் குடுப்பான். கூடப் பிறந்ததுகளே இங்க வந்து வேற வேற வீட்டு ஆக்கள் ஆகிப்போகும்.

நானே கேட்டன். "முழுப் பேர்?"

கிளாக்கர் விரலை வைச்சு எழுத்துக் கூட்டினார். "வ...ர...த...ராஜா."

தேவராஜாவின்ர முகத்தை நான் பாக்கேல்லை. பாக்க விருப்பமும் இல்லை.

"மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணியிருப்பான்," எண்டார் கிளாக்கர். "ஊருக்குள்ள ஒரு ஆள் பொறுப்பு நிண்டால் விடலாம் எண்டு நீதவான் சொன்னார். ஒருத்தரும் இல்லை. ஹைஸ்கூல் வாத்தியார், நீங்கள் சொன்ன அந்தப் பேர்தான் போலகிடக்கு, ஆரும் கூப்பிடாமலே எழும்பி வந்து பிணை நிண்டார். பிறகு என்னட்ட வந்து, இது வெளியில போகாமப் பாக்கேலுமோ எண்டு கேட்டார். பெடியனுக்கு மெல்பேணில ஒரு அண்ணன் இருக்கிறாராம், மானஸ்தனாம், தாங்க மாட்டாராம்."

கார் ரவுணைத் தாண்டினது. பிறகு தேவராஜா தொண்டையைச் செருமினான்.

"சிறி, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. சின்னப் பெடியன். தெரியாமச் செய்துபோட்டான். வயசு அப்பிடி."

வந்த கோபத்துக்குக் காரை நிப்பாட்டி இறக்கி விட்டிருப்பன். காலமை முழுக்க மற்றவனை அறுத்தெடுத்த வாய் இது. கேற்றடியில நிண்ட சிவனேஸ்வரிக்காகப் பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓட்டினன்.

"ஆனால் சிறி," எண்டான் திரும்ப, குரல் இறங்கிப்போய். "கோட்டுப் படி ஏறின குடும்பம் எண்டு இனி அவன் எங்களை வேண்டாம் எண்டால்?"

"மடையா, வழக்கு நடந்தது மாசியில. நீ சம்பந்தம் பேசப் போனது ஆனியில. கோட்டுப் படி ஏறினவன்ர தங்கச்சி எண்டு தெரிஞ்சுதான் அவன் ஓம் எண்டவன்."